கேசட்காரர் பதில்கள்: பார்ட் டூ வந்தாச்சு, எடி போயாச்சு

இந்த மாதக் கடிதங்களில் ஒரு பாதி, நகைச்சுவைப் படங்களின் இரண்டாம் பாகங்களைத் திட்டி வந்தவை. மறுபாதி, அக்டோபர் 6 வருகிறதே, 2020-ல் அதே நாளில் போய்விட்ட அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனைப் பற்றி நாலு வார்த்தை எழுதக் கூடாதா என்று கேட்டு வந்தவை. இரண்டையும் கலந்தே போடுகிறேன். குன்னூர் மவுண்ட் ரோட்டில் நான் கேசட் பதிவு செய்து கொடுத்த காலத்தில் கவுண்டமணியும் ராக் கிட்டாரும் ஒரே அலமாரியில்தான் இருந்தார்கள். பழைய டூ-இன்-ஒன்னுக்கு பெல்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்ட கூடலூர் பெரியவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன்.

கேத்தி வாசகி: 2006-ல் 'தலைநகரம்' படத்தில் நாய் சேகரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். 2022-ல் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வந்தபோது சிரிப்பு வரவில்லை. வயதானது எனக்கா, வடிவேலுவுக்கா?

இரண்டு பேருக்கும்தான் அம்மா, ஆனால் காரணம் அது இல்லை. 'தலைநகரம்' படத்தில் நாய் சேகர் ஓரமாக வருகிற ஆள். அவரைச் சுற்றி இருப்பவர்கள் நிஜ ரவுடிகள், நிஜ போலீஸ். "நானும் ரவுடிதான்" என்று அவர் கெஞ்சும்போது எதிரில் இருப்பவர் நம்பவில்லை பாருங்கள், பாதிச் சிரிப்பு அந்த நம்பாத முகத்தில் இருக்கிறது. பதினாறு வருஷம் கழித்து அதே ஆளை நடுவில் நிற்கவைத்து, சுற்றி இருக்கிற எல்லோரையும் அவருக்கு ஜால்ரா போடவைத்தால், அவரை நம்பாமல் இருக்க யார் மிச்சம்?

கேசட் கடைக்காரன் புத்தி, காதால்தான் வேலை செய்யும். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழ காமெடியை எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் முதலில் கேசட்டில்தான் கேட்டார்கள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் அப்போது டிவி குறைவு, டேப்ரிக்கார்டர் அதிகம். நீங்களும் ஒருமுறை படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கவுண்டமணி கத்துகிறார், எகிறுகிறார், குரல் கிழிகிறது. செந்தில்? ஒவ்வொரு தடவையும் அதே குரல், அதே உயரம், அதே நிதானம். இம்மிகூட ஏற்றவில்லை, இறக்கவில்லை. அண்ணன் கேட்டு முடித்ததும் ஒரு நொடி சும்மா விடுகிறார். நமக்குச் சிரிப்பு கிளம்புவது அந்த ஒரு நொடியில். பதில் வந்து சேரும்போது நாம் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கிறோம். கிட்டார் பாஷையில் சொன்னால் கவுண்டமணி லீட், முன்னால் நின்று ஆடுகிறவர்; செந்தில் ரிதம், பின்னால் தாளம் பிடிக்கிறவர். ரிதம் அசையாமல் நின்றால்தான் லீட் ஆட முடியும்.

அந்த ஜோடிக்கு யாரும் பார்ட் டூ எடுக்கவில்லை, கவனித்தீர்களா? தேவைப்படவில்லை. படத்துக்குப் படம் பேர் மாறும், சட்டை மாறும், ஆட்கள் அதே இரண்டு பேர். வடிவேலு - பார்த்திபன் கணக்கும் அதுதான்: 'பாரதி கண்ணம்மா' (1997), 'வெற்றிக் கொடி கட்டு' (2000), 'குண்டக்க மண்டக்க' (2005). கதைகள் எங்கெங்கோ இருந்தாலும், பார்த்திபன் ஒரு கேள்வியைப் போட்டு வடிவேலு திணறுகிற அந்தத் தாளம் தொடர்ந்துகொண்டே வந்தது. நாய் சேகர் திரும்பி வந்தபோது தனியாக வந்தார். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

கோத்தகிரி கல்லூரி மாணவர்: அப்படியானால் சந்தானத்தின் 'தில்லுக்கு துட்டு' வரிசை மட்டும் எப்படி ஓடுகிறது?

2016, 2019, அப்புறம் 'டிடி ரிட்டர்ன்ஸ்' 2023, 'டிடி நெக்ஸ்ட் லெவல்' 2025. நாலும் பேய்ப் படம், நாலும் சந்தானம் படம். இதில் எது எதனுடைய தொடர்ச்சி என்று தேட வேண்டாம் தம்பி. வீடு வேறு, பேய் வேறு. நம் ஊரில் தலைப்புக்குப் பக்கத்தில் போடுகிற 2 என்பது பெரும்பாலும் கடையின் பெயர்ப் பலகை. 'கலகலப்பு' 2012-க்கும் 2018-க்கும் இடையில் என்ன கதைத் தொடர்ச்சி? சுந்தர் சி. இருக்கிறார், ஊர் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், போதும். இப்படிப் பலகையை மட்டும் மாட்டுகிறவர்களிடம் ரசிகனும் பழைய பாசத்தை எதிர்பார்த்துப் போவதில்லை. அதனால் ஏமாற்றமும் குறைவு. எனக்கு இதில் 'டிடி ரிட்டர்ன்ஸ்' பிடித்தது. அங்கே பேய்க்கே ஒரு விளையாட்டு விதி இருந்தது, சிரிப்பு அந்த விதிக்குள் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து வந்தது.

'தமிழ்ப் படம் 2' (2018) சங்கதியே வேறு. கிண்டலடிக்க எட்டு வருஷத்துப் புதுப் படங்களைச் சினிமாக்காரர்களே எடுத்து வைத்திருந்தார்கள்.

குன்னூர் பெட்ஃபோர்டு வாசகர்: '24-ஆம் புலிகேசி' நின்றுபோனதில் உங்களுக்கு வருத்தம் உண்டா?

2006-ல் 23-ஆம் புலிகேசி. பத்து வருஷம் கழித்து அடுத்ததைத் தொடங்கினார்கள், 2017-ல் தயாரிப்புத் தரப்புக்கும் வடிவேலுவுக்கும் தகராறு, படம் நின்றது. வடிவேலு படங்களில் நடிக்க இருந்த தடை நீங்கியது 2021-ல். அதற்குள் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை ஆகிவிட்டது. நியாயம் யார் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் வராமல் போன அந்தப் படத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருவரும் குறை சொல்லி எழுதியதில்லை.

உதகை பிளஸ் டூ மாணவி: எடி வான் ஹேலன் இறந்தபோது என் மாமா அழுதார். நான் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டில் அவர் வாசித்ததை மட்டும் கேட்டிருக்கிறேன். அப்படி என்ன பெரிய ஆள்?

கேட்டது சரியான இடம்தான். 1982-ல் அந்த சோலோவை, அதாவது பாட்டின் நடுவில் வருகிற தனிக் கிட்டார் வாசிப்பை, எடி காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார். அவருடைய பேண்டு ஆட்களுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்கூட. மாமாவை இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த முறை சோலோவை விட்டுவிட்டு, அவர் நுழைவதற்கு முன்னால் பாட்டு எப்படிப் போகிறது, நுழைந்தபின் எப்படி ஆகிறது என்று கேளுங்கள். அரை நிமிஷம்தான். மனிதர் கதவைத் தட்டிவிட்டு வரவில்லை.

கதையைச் சொல்கிறேன். 1955-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். அப்பா யான், டச்சுக்காரர், கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர். அம்மா இந்தோனேசியாவில் பிறந்தவர். 1962-ல் கொஞ்சம் பணமும் ஒரு பியானோவுமாகக் கப்பல் ஏறி அமெரிக்கா போய், கலிபோர்னியாவில் பாசடீனாவில் குடியேறினார்கள். இரண்டு பையன்கள், அண்ணன் அலெக்ஸ், தம்பி எடி. இருவருக்கும் பியானோ வகுப்பு. அப்புறம் அலெக்ஸ் கையில் கிட்டார், எடி கையில் டிரம்ஸ். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். டிரம்ஸ் வாங்கின காசை அடைக்க எடி வீடு வீடாகப் பேப்பர் போடப் போவார். அந்த நேரத்தில் அண்ணன் தம்பியின் டிரம்ஸில் உட்கார்ந்து அடித்துப் பழகி, தம்பியைவிட நன்றாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். சரி, நீ அதை வைத்துக்கொள், நான் உன் கிட்டாரை எடுத்துக்கொள்கிறேன் என்று எடி மாற்றிக்கொண்டார். பேப்பர் போடப் போகாமல் இருந்திருந்தால் ராக் இசையின் வரலாறு வேறு மாதிரி.

அண்ணன் தம்பியின் பேண்டுக்குப் பேர் 'வான் ஹேலன்'. 1978-ல் அதன் முதல் ஆல்பம். அதில் 'இரப்ஷன்' என்று தனிக் கிட்டார் துண்டு ஒன்று, 1 நிமிஷம் 42 விநாடி. பொதுவாகக் கிட்டாரில் இடது கை, கழுத்துப் பலகையில் ஃபிரெட் என்கிற குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே தந்தியை அழுத்தும், வலது கை தந்தியை மீட்டும். எடி வலது கை விரலையும் கொண்டுபோய் ஃபிரெட் பலகையில் இடது கைக்கு மேலே தட்டினார். தட்டி எடுக்கும்போதே அந்த விரல் தந்தியைச் சுண்டிவிடும், கீழே இடது கை காத்திருக்கும். இரண்டு கையும் ஒரே தந்தியில் பியானோ வாசிக்கிற மாதிரி. இதை அவர் முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது, முன்னாலும் சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அதை இசையாக்கி ஊர் முழுக்கப் பரப்பியவர் இவர். கிளப்புகளில் வாசித்த காலத்தில் மற்றவர்கள் பார்த்துக் காப்பியடிக்காமல் இருக்க, அந்த இடம் வந்ததும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாராம்.

எங்கள் பக்கம் அந்த ஆல்பம் வந்தது விடுமுறை முடிந்து திரும்பிய ஹாஸ்டல் பையன்கள் வழியாக. நீல பால்பாயிண்ட் பேனாவில் பேர் எழுதிய கேசட், அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. சர்ச் கொயரில் ரிதம் வாசிக்கிற ஓர் அண்ணன் என்னிடம் வாங்கிப் போய், மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தார். "உன் டெக்குல பெல்ட் லூசு, பாட்டு வேகமா ஓடுது" என்றார். இல்லண்ணா, அந்த ஆள் வாசிக்கறதே அப்படித்தான் என்றேன். நம்பவில்லை. ஹெட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கச் சொன்னார், துடைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடியும் அதே வேகம். கடையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் பிராக்டிசுக்குப் போகவில்லை.

வாசித்த கருவியும் கடையில் வாங்கியது இல்லை. 50 டாலருக்கு ஓர் உடல், 80 டாலருக்கு ஒரு கழுத்து, இன்னொரு கம்பெனி கிட்டாரிலிருந்து கழற்றிய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பாகம்). எல்லாவற்றையும் சேர்த்து, டேப் ஒட்டி, சைக்கிள் பெயிண்ட் அடித்துத் தானே கோடு போட்டார். பழைய ரேடியோவைப் பிரித்து ஆம்பிளிபையர் செய்கிற நம் ஊர் ஆட்களுக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமா ஏன் அழுதார் என்று மாமாவைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று. எல்லோரும் எடியின் வேகத்தைப் பேசுவார்கள். என் காதுக்கு அவருடைய பலம் ரிதம் கை. பேண்டில் இரண்டாவது கிட்டார் கிடையாது. லீடும் அவரே, ரிதமும் அவரே, பின்னால் சிறு வயதிலிருந்து கூட வாசித்த அண்ணன். அந்தக் கூட்டணியை ஆள் வைத்து நிரப்ப முடியாது என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கும்.

வெலிங்டன் வாசகர்: காமெடிப் படத்தையும் கிட்டார்காரர் மரணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது சார். 'பில் அண்ட் டெட்' என்று ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம், 1989-ல் வந்தது. வாசிக்கவே தெரியாத இரண்டு பையன்கள் பேண்டு வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு வாக்குவாதம். எடி வான் ஹேலன் வந்தால்தான் நாம் பெரிய பேண்டு ஆவோம். நல்ல வீடியோ இல்லாமல் எடி வரமாட்டார். நல்ல கருவி இல்லாமல் வீடியோ எடுக்க முடியாது. வாசிக்கத் தெரியாமல் நல்ல கருவி வாங்கி என்ன பண்ணுவது? அதனால்தான் எடி வேண்டும் என்கிறேன்! இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்.

இரண்டாம் பாகம் 1991. மூன்றாவது பாகம் 29 வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 28. அதற்கு 39-ஆம் நாள், அக்டோபர் 6, எடி போய்விட்டார், 65 வயதில். நீண்ட நாள் புற்றுநோய். மகன் வுல்ஃப்காங் அறிவித்தார். அந்தப் படத்தின் ரசிகர்களும் எடியின் ரசிகர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள், ஒரே வயது. ஆகஸ்டில் சிரித்தவர்களே அக்டோபரில் அழுதார்கள்.

அந்த மூன்றாம் பாகத்தைப் பழைய ரசிகர்கள் அன்பாகவே ஏற்றுக்கொண்டார்கள், அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பையன்களுக்கும் நடுத்தர வயது வந்துவிட்டது. உலகத்தையே ஒன்று சேர்க்கப்போகிற பாட்டை எழுதுவார்கள் என்று முதல் படத்தில் சொன்னார்கள், இன்னும் எழுதவில்லை. கூட்டம் இல்லை, மனைவிமாருக்கு அலுப்பு. அவர்களாக நடித்த கேனு ரீவ்ஸும் அலெக்ஸ் விண்டரும் பழைய துள்ளலைக் காட்டி நடிக்கவில்லை, துள்ள முடியாததை வைத்தே நடித்தார்கள். கடைசியில் பாட்டு இருவருடைய மகள்களால் வருகிறது. அப்பாக்கள் ரிதம் வாசிக்கிற இடத்துக்கு நகர்கிறார்கள். நம் ஊரில் 55 வயது ஆளைப் பழைய கெட்டப்பிலேயே ஓடவிட்டு அரைத்த மாவையே அரைக்கிறவர்கள் இதை உட்கார்ந்து ஒருமுறை பார்க்கலாம்.

அருவங்காடு வாசகர்: எடி இல்லாமல் அந்த பேண்டை வேறு ஆளை வைத்து நடத்த முடியாதா?

நடத்தவில்லை. மகன் வுல்ஃப்காங் அதே பேண்டில் பேஸ் வாசித்தவர். அப்பா இல்லாமல் அந்தப் பேரில் பேண்டு கிடையாது என்று சொல்லிவிட்டு, தன் பாட்டை வேறு பேரில் வாசிக்கிறார். பழைய பாடகர் சாமி ஹேகரும் பழைய பேஸ் கலைஞர் மைக்கேல் ஆண்டனியும் 2024-ல் ஜோ சாத்ரியானியைக் கிட்டாருக்கு வைத்து ஊர் ஊராக அந்தப் பாடல்களை வாசித்தார்கள். சாத்ரியானி சாதாரண ஆள் இல்லை, ஸ்டீவ் வாய்க்கே கற்றுக்கொடுத்தவர். ஆனாலும் பலகையில் வான் ஹேலன் என்று எழுதவில்லை. அந்த நாணயம் எனக்குப் பிடித்தது.

இங்கே? 'தலைநகரம் 2' 2023-ல் வந்தது, அதில் நாய் சேகர் இல்லை. 'சூது கவ்வும் 2' 2024-ல் வந்தது, விஜய் சேதுபதி இல்லை. தியேட்டரிலிருந்து வெளியே வந்தவர்கள் படத்தைப் பற்றிப் பேசவில்லை, வராத ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

கோத்தகிரி வாசகி: நடிகர் விவேக் இறந்த அன்று எல்லோரும் அவர் காமெடியைப் போட்டுப் பார்த்துச் சிரித்தோம். அது தப்பா?

2021 ஏப்ரல் 17. எங்கள் டீக்கடையிலும் அதேதான். டீ ஆற்றுகிறவர் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டார். வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார். தப்பே இல்லை அம்மா. அவர் கொடுத்தது அது, நாம் எடுத்துக்கொண்டதும் அது.

கிட்டார்காரருக்கு அந்தக் கொடுப்பினைகூட நம் ஊரில் இல்லை. 'இளைய நிலா' (1982) பாட்டின் கிட்டார் தமிழ்நாட்டில் தெரியாத ஆள் இல்லை. முதல் இரண்டு ஸ்வரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வாசித்தவர் யார் என்று கேளுங்கள், "இளையராஜா" என்பார்கள். இசை அவருடையது, சரி. விரல் ஆர். சந்திரசேகருடையது. இதை நான் கடையில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், இங்கேயும் ஒருமுறை அச்சில் ஏற்றிவிடுகிறேன்.

எடிக்கு இந்த விஷயத்தில் பெரிய மனசு. டைம்பேக் டேரல் என்ற கிட்டார் கலைஞரை 2004 டிசம்பரில் மேடையிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். டேரல் எடியின் தீவிர ரசிகர். இறுதிச் சடங்குக்கு வந்த எடி, தன் இரண்டாவது ஆல்பம் காலத்துக் கறுப்பு மஞ்சள் கோடு போட்ட அசல் கிட்டாரைக் கொண்டுவந்து சவப்பெட்டிக்குள் வைத்தார். அதே மாதிரி புதிதாக ஒன்று செய்து வைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குன்னூர் மைக்செட் உரிமையாளர்: 'ஸ்பைனல் டாப்' படம் பார்த்தீர்களா?

நீங்கள் கேட்காமல் யார் கேட்பார்கள்! 1984-ல் வந்த கிண்டல் படம். ஆம்பிளிபையர் குமிழில் 10-க்குப் பதில் 11 வரை இருக்கிறது என்று பெருமைப்படுகிற கிட்டார்காரர், டிரம்ஸ்காரர்கள் வரிசையாகச் செத்துப்போகிற பேண்டு. இரண்டாம் பாகம் 2025-ல். ஆட்கள் அதே மூவர், முடிதான் நரைத்திருக்கிறது. உங்கள் அகுஜா ஆம்பிளிபையரிலும் 10 வரைதான் இருக்கிறது. தந்தி மாரியம்மன் திருவிழாவில் நீங்கள் அதை எதுவரை திருப்பினீர்கள் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் கேட்டால் தெரியும்.

கட்டபெட்டு வாசகர்: பையனுக்குக் கிட்டார் வாங்கினேன். நம் குளிருக்கு மூன்று மாதத்தில் தந்தி துருப்பிடித்துவிட்டது. என்ன செய்ய? தந்தி மீட்டுகிற பிக் தகட்டை வேறு தொலைத்துக்கொண்டே இருக்கிறான்.

குளிர் இல்லை, ஈரம். ஐப்பசி மழையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிற ஊர் இது. வாசித்து முடித்ததும் தந்தியைக் காய்ந்த பருத்தித் துணியால் அடியிலும் மேலும் இழுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஈரம் போகட்டும் என்று கணப்புப் பக்கத்தில் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள், பலகை வெடித்துவிடும், கழுத்து வளைந்துவிடும்.

பிக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மூன்று மூலையாக வெட்டி ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தால் போதும். உதகை இந்து நகரில் ஃபிலிம் ஃபேக்டரி ஓடிய காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலருக்கு அதுதான் பிக். ஒன்று சொல்லிவையுங்கள், பிக்கை வாயில் கடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. எடிக்கு அந்தப் பழக்கம், அதுவும் உலோகப் பிக். 2000 வாக்கில் நாக்கில் புற்றுநோய் வந்தபோது அதுதான் காரணம் என்று அவரே நம்பினார். சிகரெட்டும் நிறையப் பிடித்தவர். எதை முதலில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

உதகை வாசகர்: எடி மாதிரி வாசிக்க எத்தனை நாள் ஆகும் அங்கிள்?

முதலில் ஒரு பாட்டு முழுக்க ரிதம் வாசியுங்கள், வேகம் கூடாமல், குறையாமல். முடிந்ததும் எழுதுங்கள், அடுத்தது சொல்கிறேன்.